நடுவானில் கேப்டன் மயங்கி விழுந்தால் காக்பிட்டுக்குள் என்ன நடக்கும்?

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். பள்ளி லீவு விட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து போவதாக இருக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ "பறக்கும்போதே விமானி மரணம்" என்று ஒரு செய்தியைப் போட்டுவிட்டார்கள். தேடிப் பார்த்ததில் அது 2024 அக்டோபரில் நடந்தது. சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் போன துருக்கி விமானம், 59 வயது கேப்டன் வழியிலேயே இறந்துபோனார், விமானம் நியூயார்க்கில் பத்திரமாக இறங்கியது. எந்தச் செய்தியைப் படித்தாலும் "பத்திரமாக இறங்கியது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் சாய்ந்ததற்கும் விமானம் இறங்கியதற்கும் நடுவில் உள்ளே யார் என்ன செய்தார்கள்? ஆறுதல் வேண்டாம். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

சித்தூர் பழைய டிரைவர் எழுதியது:

நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், பாலக்காடு சித்தூர்தான் ஊர். எங்கள் தொழிலில் நெஞ்சு வலித்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டு, அப்புறம் நெஞ்சைப் பிடி என்று சொல்லித் தருவார்கள். வாளையாறு ரோட்டில் ஒரு டிரைவர் அப்படித்தான் ஐம்பது பேரைக் காப்பாற்றினார். ஆகாயத்தில் ஓரங்கட்ட இடமில்லையே அம்மா. பக்கத்தில் இருப்பவர் கோ-பைலட். அவர் பார்த்தால் கல்லூரிப் பையன் மாதிரி இருக்கிறார். அவரை நம்பித்தான் எல்லாமா? என் சந்தேகம் இதுதான்.

வலதுசீட்டு எழுதியது:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது நீங்கள் சொல்லும் அந்தக் கோ-பைலட்டாக இருக்கிறேன்.

கோ-பைலட் என்றால் கிளீனர் இல்லை. கேப்டனுக்கு எந்த விமானத்துக்கு லைசென்ஸ் உண்டோ, அதே விமானத்துக்கு எனக்கும் முழுப் பயிற்சியும் தேர்வும் உண்டு. சாதாரண நாளில் போகும்போது ஒருவர் ஓட்டினால் வரும்போது மற்றவர் ஓட்டுவார். நீங்கள் இதுவரை ஏறிய விமானங்களில் பல தடவை கோ-பைலட்தான் இறக்கியிருப்பார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. கேப்டனிடம் கூடுதலாக இருப்பது அனுபவமும் முடிவெடுக்கும் அதிகாரமும். அவர் விழுந்த நொடியில் அந்த அதிகாரம் சட்டப்படி என்னிடம் வந்துவிடும்.

இப்போது உள்ளே நடப்பது. ஐயா சொன்ன ஓரங்கட்டும் விதி எங்களுக்கும் உண்டு, ஆனால் வேறு வடிவில். பக்கத்தில் ஒருவர் சாய்ந்தால் அவரைத் தொடக்கூடாது. முதலில் விமானம். "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சத்தமாகச் சொல்லி விமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோபைலட் போட்டிருக்கிறதா, உயரம், வேகம், திசை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர்பஸ்ஸில் இரண்டு பக்கமும் சைடு ஸ்டிக், அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடி, இருக்கிறது. மயங்கியவர் தன் பக்கத்து ஸ்டிக்கின் மேல் சரிந்திருந்தால் என் ஸ்டிக்கில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். 40 விநாடி விடாமல் பிடித்தால் அவர் பக்கத்து ஸ்டிக் முழுவதுமாகச் செயலிழந்துவிடும்.

அப்புறம்தான் கேபின் க்ரூவை (பயணிகளைக் கவனிக்கும் ஊழியர்களை) உள்ளே கூப்பிடுவது, ரேடியோவில் மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்வது, ரேடாருக்கு எங்கள் அடையாளத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்ற எண்ணைப் போடுவது எல்லாம். 7700 போட்டதும் தரையில் ரேடார் பார்ப்பவர்களுக்கு இது அவசரம் என்று திரையிலேயே தெரிந்துவிடும். மற்ற விமானங்களை விலக்கி எங்களுக்கு வழி விடுவார்கள். இறங்க வேண்டிய இடத்தை நான் முடிவு செய்வேன். நீளமான ரன்வே, நல்ல வானிலை, பக்கத்தில் ஆஸ்பத்திரி, இந்த மூன்றும் இருக்கிற ஊராகப் பார்ப்போம்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர் எழுதியது:

தம்பி, ஒன்று கேட்கிறேன். ஒருவர் மயங்கிவிட்டார் என்று எப்படித் தெரியும்? எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டா விழுவார்கள்? கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தால்?

வலதுசீட்டு எழுதியது:

அண்ணா, எங்கள் வகுப்பிலும் இதைத்தான் அதிக நேரம் பேசுவார்கள். சத்தம் போட்டு விழுபவர் பிரச்சினையே இல்லை, உடனே தெரிந்துவிடும். உட்கார்ந்தபடியே மனம் மட்டும் நின்றுபோவதுதான் ஆபத்து.

1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸின் டிரைடன்ட் விமானம் ஸ்டெயின்ஸ் ஊருக்குப் பக்கத்தில் விழுந்து 118 பேரும் இறந்தார்கள். வேகம் போதாமல் இருக்கும்போதே இறக்கையின் முன்பகுதியை மடக்கிவிட்டார்கள், விமானம் தூக்குசக்தி இழந்தது. கேப்டனின் உடலைப் பரிசோதித்தபோது அவருக்கு இதய நோய் இருந்தது தெரிந்தது. வலி வந்து அவருடைய நிதானத்தைக் குலைத்திருக்கலாம் என்று விசாரணையில் கருதினார்கள். காக்பிட்டில் பணியில் இன்னும் இரண்டு விமானிகள் இருந்தார்கள். வலது சீட்டில் இருந்தவருக்கு வயது 22. மூத்த கேப்டனிடமிருந்து விமானத்தைப் பிடுங்க யாருக்கும் வாய்க்கவில்லை.

அதனால்தான் இன்று யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியம் இல்லாமல் விதியாகவே வைத்துவிட்டார்கள். நான் இரண்டு முறை கூப்பிட்டு ஒழுங்கான பதில் வரவில்லை என்றால் அவர் செயலிழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். விமானம் பாதையிலிருந்து பெரிதாக விலகியிருந்தால் ஒரு முறை கேட்டாலே போதும். கேப்டன் கோபித்துக்கொள்வாரோ என்ற கேள்விக்கே இடமில்லை. அவர் வெறுமனே ஏதோ யோசனையில் இருந்திருந்தால் விமானத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ரன்வேயில் ஓடும்போது நாங்கள் வேகத்தைச் சொல்லிக்கொள்வதும் இதற்குத்தான். போயிங்கில் 80 நாட், ஏர்பஸ்ஸில் 100 நாட் (நாட் என்பது விமான வேக அளவு) வந்ததும் ஒருவர் சொல்வார், மற்றவர் "செக்ட்", அதாவது பார்த்துவிட்டேன், என்று பதில் சொல்ல வேண்டும். வேகமானிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது ஒரு காரணம். பக்கத்தில் இருப்பவர் உயிரோடும் நினைவோடும் இருக்கிறாரா என்று பார்ப்பது இன்னொரு காரணம். பதில் வராவிட்டால் அந்த நொடியே நான் விமானத்தை எடுத்துக்கொள்வேன். இறங்கும்போதும் 1000 அடி, 500 அடி என்று இப்படியே கேள்வி பதில் உண்டு. தரையில் இருக்கும் பயிற்சி காக்பிட்டான சிமுலேட்டரில் பயிற்சியாளர் கேப்டனின் காதில் ரகசியமாக "இப்போது பதில் சொல்லாதே" என்று சொல்லிவிடுவார். அவர் சும்மா முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் அதைக் கண்டுபிடித்து விமானத்தைத் தூக்க வேண்டும்.

நூறணி மேகம் எழுதியது:

நான் கேபின் க்ரூவாகப் பறந்தவள், இப்போது பாலக்காட்டில் இருக்கிறேன். எங்கள் பங்கை யாரும் எழுதுவதில்லை, அதனால் சேர்க்கிறேன்.

காக்பிட்டிலிருந்து அந்த அழைப்பு வந்தால் கையில் இருக்கும் தட்டு, தண்ணீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு பேர் உள்ளே போக வேண்டும். நாங்கள் முதலில் செய்வது சிகிச்சை இல்லை. சாய்ந்த உடம்பைக் கண்ட்ரோலிலிருந்து விலக்குவது. தோள் பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து இறுக்கிப் பூட்ட வேண்டும், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ள வேண்டும், முதுகைச் சாய்க்க வேண்டும், காலைப் பெடலிலிருந்து எடுக்க வேண்டும். நினைவில்லாத ஆளின் எடை எவ்வளவு கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். அந்த இடமோ கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உள்ள சந்து அளவுதான். ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சியில் எங்கள் தோழி ஒருத்தியை அந்தச் சீட்டில் உட்கார வைத்து இதைச் செய்து பழகுவோம்.

அதற்குப் பின்தான் ஆக்சிஜன், "டாக்டர் யாராவது இருக்கிறீர்களா" என்ற அறிவிப்பு எல்லாம். பயணிகளில் விமானி யாராவது இருக்கிறாரா என்றும் கேட்போம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் டெ மாய்னிலிருந்து டென்வர் போன யுனைடெட் விமானத்தில் கேப்டனுக்கு மாரடைப்பு வந்தது. பயணியாக வந்த விமானப்படை விமானி ஒருவர் காக்பிட்டுக்குள் போய் கோ-பைலட்டுக்கு உதவினார். ஒமாஹாவில் இறக்கினார்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் எங்களில் ஒருத்தி காக்பிட்டின் பின் சீட்டில் உட்கார்ந்து செக்லிஸ்ட்டை உரக்க வாசிப்பாள். விமானி செய்வார், இவள் வரி வரியாகச் சரிபார்ப்பாள்.

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

இவ்வளவு இருக்கிறதா! இன்னொரு கேள்வி. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆகிவிட்டால்?

தாவளம் டாக்டர் எழுதியது:

இதற்கு மருத்துவர் கண்ணோட்டத்தில் நான் சொல்கிறேன்.

விமானிகள் செயலிழக்கும் சம்பவங்களில் மாரடைப்பு சிறுபான்மைதான். ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2014 வரை நடந்தவற்றை எடுத்துப் பார்த்தது. ஆண்டுக்குச் சராசரியாக 23 சம்பவங்கள். முதலிடம் வயிற்றுக் கோளாறுக்கு, அதற்கு அடுத்து தரையிலிருந்து கண்ணில் லேசர் அடிப்பது. வயிற்றுக் கோளாறுக்குக் கெட்டுப்போன சாப்பாடு ஒரு காரணம்.

அதனால்தான் இரண்டு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடாத வழக்கம் இருக்கிறது. 1975 பிப்ரவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஆங்கரேஜிலிருந்து கோபன்ஹேகன் போனது. காலை உணவில் இருந்த பன்றி இறைச்சி ஆம்லெட்டில் கிருமி. சமையல்காரர் ஒருவரின் விரல் புண்ணிலிருந்து வந்தது. கிட்டத்தட்ட 200 பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். விமானிகளின் உடம்புக் கடிகாரத்துக்கு அது காலை இல்லை, அதனால் அந்த ஆம்லெட்டை அவர்கள் சாப்பிடவில்லை.

இதயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு விமானிக்குத் தகுதிச் சான்று கொடுக்கும்போது மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு, ஒரு சதவீத விதி என்பார்கள். ஓர் ஆண்டில் அவர் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் உண்மையில் நெருக்கடி, அது பயண நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த நெருக்கடியிலும் மற்றவர் எடுத்துக்கொள்ளத் தவறுவது நூற்றில் ஒரு முறை என்று வைத்தார்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கு முழுவதும் பக்கத்து சீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்ற ஒரே ஆதாரத்தில் நிற்கிறது, அதைக் கவனியுங்கள். தனியாக ஓட்டும் விமானிக்கு வயது வரம்பு 60, இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் 65 என்று உலக அளவில் வைத்திருப்பதும் அதனால்தான். 60 தாண்டியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை.

இரண்டு பேருக்கும் தனித்தனியாக நோய் வருவதை விட, ஒரே காரணம் இரண்டு பேரையும் தாக்குவதுதான் பயப்பட வேண்டியது. 2005 ஆகஸ்ட் 14, ஹீலியோஸ் விமானம், சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ். கேபின் காற்றழுத்த ஸ்விட்ச் தானியங்கியில் இல்லாமல் கைமுறையில் இருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து விமானிகள் உட்பட கிட்டத்தட்ட எல்லோரும் நினைவிழந்தார்கள். ஆட்டோபைலட் எரிபொருள் தீரும்வரை பறந்துகொண்டே இருந்தது. 121 பேரும் இறந்தார்கள். 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் சரியாகச் சிந்திக்கும் நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான். எச்சரிக்கை ஒலி கேட்டதும் கேள்வி கேட்காமல் முகமூடியைப் போடு என்று பயிற்சி தருவது அதனால்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர் எழுதியது:

டாக்டர் சொன்னதைப் படித்ததும் தோன்றுகிறது. ஆட்டோபைலட்தான் இருக்கிறதே, அதுவே இறக்கிவிடாதா? எங்கள் தொழிற்சாலையில் மெஷின் தானாக நின்றுவிடும்.

வலதுசீட்டு எழுதியது:

தானாக இறக்க முடியும் அண்ணா, ஆனால் யாராவது அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த ரன்வே என்று கணினியில் போட வேண்டும், உயரம் குறைக்கச் சொல்ல வேண்டும், இறக்கையின் பின்பக்கத்தில் உள்ள ஃபிளாப், சக்கரம் எல்லாம் கையால் இறக்க வேண்டும். அந்த ரன்வேயிலும் அதற்குரிய கருவி இருக்க வேண்டும். சின்ன விமானங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்யும் கார்மின் ஆட்டோலேண்ட் 2020-லிருந்து இருக்கிறது. நீங்கள் ஏறும் ஏ320, 737 விமானங்களில் அது கிடையாது.

அதனால் ஒருவர் மட்டும் காக்பிட்டில் இருக்கும் நேரத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. 2024 பிப்ரவரி 17, ஃபிராங்க்பர்ட்டிலிருந்து செவில் போன லுஃப்தான்ஸா ஏ321. கேப்டன் கழிப்பறைக்குப் போனார். அந்த நேரத்தில் கோ-பைலட்டுக்கு வலிப்பு வந்து நினைவு போய்விட்டது. சுமார் பத்து நிமிடம் விமானத்தை ஓட்ட ஆளில்லை. ஆட்டோபைலட் போட்டிருந்ததால் விமானம் அசையாமல் போனது. தரையிலிருந்து கூப்பிட்டார்கள், பதிலில்லை. கேப்டன் திரும்பி வந்து கதவின் வழக்கமான குறியீட்டை ஐந்து முறை அடித்தும் திறக்கவில்லை. அப்புறம் அவசரக் குறியீட்டைப் போட்டார். அது வேலை செய்வதற்குள் கோ-பைலட்டே தட்டுத்தடுமாறி எழுந்து உள்ளேயிருந்து திறந்துவிட்டார். மாட்ரிட்டில் இறக்கினார்கள்.

நூறணி மேகம் எழுதியது:

எங்கள் நிறுவனத்தில் ஒரு விமானி வெளியே வந்தால் எங்களில் ஒருத்தி உள்ளே போய் நிற்க வேண்டும், அவர் திரும்பும்வரை வெளியே வரக் கூடாது. சில பயணிகள் அரட்டைக்குப் போகிறோம் என்று நினைப்பார்கள். கதவைத் திறக்க உள்ளே ஒரு கை வேண்டும், அதற்குத்தான் போகிறோம்.

சித்தூர் பழைய டிரைவர் எழுதியது:

தம்பி, என் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் ஒன்று. நெடும்பாசேரி விட்டால் ஷார்ஜா வரைக்கும் கடல்தானே. அங்கே நடந்தால் எங்கே இறக்குவாய்?

வலதுசீட்டு எழுதியது:

கடல் நடுவில் இருந்தால் பக்கத்து ஊர் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கலாம் ஐயா. பாதி வழிக்கு முன்னால் என்றால் மும்பையோ, கொச்சிக்கே திரும்புவதோ. தாண்டிவிட்டால் மஸ்கட். உயரத்தில் சீராகப் பறக்கும்போது ஒருவர் மட்டும் இருந்தால் விமானத்துக்கு ஆபத்தில்லை, நோயாளிக்குத்தான் நேரம் போதாது.

நம் வளைகுடாக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 27, மஸ்கட்டிலிருந்து டாக்கா போன பிமான் பங்களாதேஷ் 737. உள்ளே 124 பயணிகள். ராய்ப்பூருக்குப் பக்கத்தில் பறக்கும்போது கேப்டனுக்கு மாரடைப்பு. கோ-பைலட் கொல்கத்தா கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னார், நாக்பூரைக் காட்டினார்கள், இறக்கினார். பயணிகள் எல்லோரும் பத்திரம். கேப்டன் மூன்று நாள் கழித்து நாக்பூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முகம் தெரியாத அந்தக் கோ-பைலட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் தன் கேப்டன் துடிக்கும்போது கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம்!

இந்த நேரத்தில் நீண்ட பயணங்களில் நடுவழியில் ஒரே விமானி போதும் என்ற யோசனை உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதுள்ள காக்பிட்டுகளில் அது இரண்டு பேர் இருப்பதற்குச் சமமான பாதுகாப்பு என்று காட்ட முடியவில்லை என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025-இல் சொல்லிவிட்டது. டிக்கெட் விலை குறையும் என்று யாராவது ஆசை காட்டினாலும் இதை ஏற்காதீர்கள். டாக்டர் போட்ட கணக்கில் அந்த இரண்டாவது ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

நன்றி தம்பி. உண்மையைச் சொன்னதற்கு. அப்படி ஒன்று நடந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?

நூறணி மேகம் எழுதியது:

பெல்ட்டைப் போட்டு உட்கார வேண்டும் அக்கா. எழுந்து முன்னால் வர வேண்டாம், நடைபாதை எங்களுக்குக் காலியாக வேண்டும். இறங்கிய பின் விமானம் ரன்வேயிலேயே நின்றால் பயப்படாதீர்கள். பல 737 விமானங்களில் தரையில் திருப்பும் சக்கரப்பிடி கேப்டன் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, வலது சீட்டிலிருந்து பெடலால் கொஞ்சம்தான் திருப்ப முடியும். அதனால் அங்கேயே நிறுத்தி இழுவை வண்டி வரும். ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் ஏறுவார்கள். பையை எடுக்க யாரும் எழக் கூடாது. அந்த இரண்டு நிமிடம்தான் உள்ளே இருப்பவருக்கு முக்கியம்.

தாவளம் டாக்டர் எழுதியது:

என் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். அறிவிப்பைக் கேட்டு நான் எழுந்து வந்தால் அங்கே என்ன செய்ய முடியும்? சீட்டில் கட்டியிருப்பவருக்கு நெஞ்சை அமுக்கிப் பயனில்லை, தரையில் படுக்க வைக்க வேண்டும்.

நூறணி மேகம் எழுதியது:

ஆள் பலம் இருந்தால் வெளியே இழுத்து முன் காலி இடத்தில் படுக்க வைப்போம் டாக்டர். இல்லாவிட்டால் பெல்ட்டோடு ஆக்சிஜன் மட்டும், சீக்கிரம் தரையிறங்குவதுதான் சிகிச்சை. மருத்துவப் பெட்டியைத் திறக்கும் முன் நீங்கள் மருத்துவர் என்பதற்கு அடையாளம் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிவு அட்டையின் படத்தையாவது போனில் வைத்திருங்கள். முடிந்தால் ஏறும்போதே கதவருகே நிற்கும் பெண்ணிடம் "நான் டாக்டர், இந்த சீட்டில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் குறித்துக்கொள்வாள்.